சனிக்கிழமை பத்து மணி

1999இல் மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்து ஒரு வருடம் துணிக்கடையில் நின்றுவிட்டுப் போனவள். வீடு சுங்கை பாக்காப் பக்கம், தோட்டத்து லயத்து வீடு. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும், ஏறி உட்கார்ந்தால் பினாங்குப் பாலம் தாண்டும்வரை தூக்கம்தான். முதல் ஆறு மாதம் யாரிடமும் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியிருக்க மாட்டேன். என் மலாய் தடுமாறும், ஆங்கிலம் அதைவிட மோசம். பேசினால்தானே தெரியும் என்று வாயைத் திறக்காமலே இருந்தேன்.

எங்கள் லைனுக்கு லீடராக ஓர் அக்கா இருந்தார். நிபோங் திபால்காரர், நாற்பதை ஒட்டிய வயது. மெஷின் நின்றால் டெக்னீஷியன் வருவார், ஆபரேட்டர்கள் எல்லோரும் அந்தப் பத்து நிமிடத்தில் கழிவறைக்கோ தண்ணீர் குடிக்கவோ போய்விடுவார்கள். நான் மட்டும் போகாமல் பின்னால் நின்று அவர் எந்த மூடியைக் கழற்றுகிறார், எதைத் துடைக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அதை அக்கா எத்தனை நாள் கவனித்தாரோ தெரியாது. ஒரு நாள் இரவு ஷிஃப்டில், மூன்று மணி ஓய்வில், கேன்டீன் மேசையில் என் முன்னால் ஒரு 555 புத்தகத்தை வைத்தார். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னக் குறிப்புப் புத்தகம், மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவதற்கென்றே பிறந்தது.

"தினம் மூணு வரி எழுது. இன்னைக்கு எது நின்னுச்சு, டெக்னீஷியன் என்ன செஞ்சாரு, உனக்கு எது விளங்கல. அவ்வளவுதான்."

வாரக் கடைசியில் அதை வாங்கிப் படிப்பார். பிழை திருத்த மாட்டார், நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார். மூன்றாவது வரிகளில் ஏதாவது ஒன்றை மட்டும் பேனாவால் வட்டமிட்டு, என்னை டெக்னீஷியனிடம் கூட்டிக்கொண்டு போய், "இந்தப் பிள்ளைக்கு ஒரு கேள்வி இருக்கு" என்று மலாயில் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றுகொள்வார். போய்விட மாட்டார், நிற்பார். நான்தான் கேட்க வேண்டும். முதல் தடவை வியர்த்துக் கொட்டியது. நாலாவது, ஐந்தாவது தடவையில் அந்த மலாய் அண்ணன் என்னைக் கண்டதுமே சிரித்துக்கொண்டு, "இன்றைக்கு என்ன கேள்வி?" என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார். ஒரு வருடத்தில் என் மலாய் தடுமாறாமல் போனது, அதற்கென்று நான் தனியாக எதுவும் செய்யவில்லை.

அப்புறம் டெக்னீஷியன் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தில் மாலை வகுப்பு. 1989இல் மாநில அரசும் இங்குள்ள தொழிற்சாலைகளும் சேர்ந்து தொடங்கிய மையம் அது, எங்களைப் போன்றவர்கள் வேலையை விடாமல் படிக்க இருந்த நல்ல வழிகளில் ஒன்று. என் விண்ணப்பத்தில் ஒரு மேலதிகாரி கையெழுத்துப் போடாமல் இரண்டு வாரம் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தார். பெண்பிள்ளை, கல்யாணமாகிப் போய்விடும், எதற்கு வீண்செலவு என்று அவர் சொன்னது என் காதுக்கே வந்தது. நான் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அக்கா அவரோடு சண்டை போடவில்லை. தினமும் ஓய்வு நேரத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மேசைக்கு முன்னால் நின்றார். "விண்ணப்பப் பாரம் என்ன ஆச்சு?" என்று ஒரே கேள்வி. ஒன்பதாவது நாள் கையெழுத்து விழுந்தது.

இத்தனை வருடத்தில் அந்த அக்கா எனக்கு "முன்னேறணும்" என்றோ "படிச்சு ஆளாகணும்" என்றோ ஒரு முறைகூடச் சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் எனக்குப் புத்திமதியே சொன்னதில்லை. வாரம் தவறாமல் புத்தகத்தை வாங்கிப் படித்தார், கேட்க வேண்டிய இடத்துக்குக் கூட்டிப்போனார், பக்கத்தில் நின்றார். நம் ஆட்கள் இளம் பிள்ளைகளுக்கு உதவுவது என்றாலே மேடை போட்டு ஊக்கமூட்டும் பேச்சு வைப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கைதட்டும் பிள்ளைக்கு மறுநாள் திங்கட்கிழமை என்ன செய்வதென்று தெரியாது, கேட்கவும் ஆள் இருக்காது. என் குறையெல்லாம் அதில்தான்.

பின்னாளில்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஹவாயில் கவாய் என்ற தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் தன் குழுவினரோடு சேர்ந்து பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார். வறுமை, குடி, சண்டை என்று பல சிக்கல்கள் சேர்ந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்திருக்கிறார்கள். ஏன் என்று தேடியபோது திரும்பத் திரும்பக் கிடைத்த காரணங்களில் ஒன்று, அந்தப் பிள்ளையிடம் விடாமல் அக்கறை காட்டிய ஒரு பெரியவர். பாட்டியோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாராவது ஒருவர். அதைப் படித்த அன்று எனக்கு அந்த 555 புத்தகம்தான் கண்முன் வந்தது.

சரி, நான் வழிகாட்டியான கதைக்கு வருகிறேன். இதில் நான் செய்த ஒரு தவறு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

2019இல் பிறை என்ற ஊரில் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, பக்கத்துக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை இலவச டியூஷன் நடந்தது, கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். அங்கே ஒரு பெண்பிள்ளை. பெயர் வேண்டாம். படிவம் இரண்டு, அதாவது இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு, பதினைந்து வயது. மற்றவர்களைவிட ஒரு வயது கூட, காரணம் தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது மலாய்மொழியில் புள்ளி போதாமல் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்தவள். வெளியே இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆறு வருடம் ஒன்றாகப் படித்தவர்களில் பாதிப்பேர் படிவம் ஒன்றுக்குப் போக, தான் மட்டும் பின்தங்கிவிட்டோம் என்று பன்னிரண்டு வயதில் மனதில் விழுந்தால், அது சுலபத்தில் போகாது. வகுப்பில் கடைசி வரிசையில் சுவரை ஒட்டி உட்காருவாள். என்னை முதலில் "ஆன்ட்டி" என்றாள், இரண்டு மாதத்துக்குப் பிறகு "அக்கா" ஆனது.

அவள் கணக்கில் மோசமில்லை. ஆனால் கேள்வி கேட்க மாட்டாள். நான் அவள் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். சனிக்கிழமை டியூஷன் முடிந்து பத்து மணிக்கு ஒரு மணி நேரம் இந்தப் பிள்ளையோடு உட்காரட்டுமா, கோயில் மண்டபத்திலேயே, எல்லோரும் பார்க்கும் இடத்தில், என்று கேட்டேன். இதை இப்படிச் செய்தது நல்லதாகப் போயிற்று. யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்: முதலில் வீட்டுக்குப் போங்கள், பெற்றோர் முகத்தைப் பார்த்துச் சம்மதம் வாங்குங்கள், சந்திப்பதைப் பொது இடத்தில் வையுங்கள். பிள்ளையோடு மட்டும் தனியாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) நள்ளிரவுவரை பேசிக்கொண்டிருப்பது, வீட்டுக்குத் தெரியாமல் பணம் கொடுப்பது, இரகசியம் காப்பது, இதெல்லாம் எவ்வளவு நல்ல எண்ணத்தில் நடந்தாலும் கூடாது. அந்த அம்மா தொழிற்சாலைகளில் துப்புரவு வேலை செய்பவர். முதலில் பயந்தார், "பிள்ளை ஏதும் தப்புப் பண்ணிட்டாளா?" என்றுதான் கேட்டார். எங்கள் வீடுகளில் வெளியாள் ஒருவர் பிள்ளையைப் பற்றிப் பேச வந்தால் அது புகாராகத்தான் இருக்கும் என்று பழகிப்போயிருக்கிறது.

முதல் சில வாரம் அவள் வாயே திறக்கவில்லை. நானும் ஆர்வக்கோளாறில் எதிர்காலம், குறிக்கோள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டுவாள், தரையைப் பார்ப்பாள். திருப்பம் வந்தது ஒரு மின்விசிறியால். மண்டபத்தில் ஒரு நிற்கும் விசிறி ஓடாமல் கிடந்தது. நான் பையிலிருந்த திருப்புளியை எடுத்து, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, பின்மூடியைக் கழற்றினேன், கூட வந்து பிடி என்றேன். மெதுவாகக் கிட்ட வந்து உட்கார்ந்தாள். கெபாசிட்டரைக் காட்டி, இது பலவீனமானால் விசிறி தானாகக் கிளம்பாது, கையால் சுற்றிவிட்டால் மட்டும் ஓடும் என்றேன். பிளக்கை மாட்டிப் பொத்தானைப் போட்டதும் மோட்டார் உறுமியது, இறக்கை அசையவில்லை. ஒரு குச்சியால் இறக்கையைத் தட்டிவிட்டேன், சுற்ற ஆரம்பித்தது. அப்போது அவள் கேட்டாள்: "அப்போ மோட்டார் நல்லாத்தானே இருக்கு, ஆரம்பிக்கத்தான் முடியலையா?"

நான் பார்த்த முதல் கேள்வி அது. அடுத்த வாரம் ஒரு புதுக் கெபாசிட்டரும் ஒரு 555 புத்தகமும் வாங்கிக்கொண்டு போனேன்.

கூடவே சும்மா உட்கார்ந்து "பேசு பேசு" என்றால் எந்தப் பிள்ளையும் பேசாது. கைக்கு ஒரு வேலை வேண்டும், கண் வேறு எங்கோ இருக்க வேண்டும், அப்போதுதான் வாய் தானாக வரும். விசிறியோ, சைக்கிளோ, இட்லி மாவோ, தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் டம்ளர் அடுக்குவதோ, எதுவும் சரிதான். அவள் புகுமுக வகுப்பில் அழுததைச் சொன்னது ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் கலக்கிக்கொண்டிருந்தபோது. என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, வாளியைப் பார்த்துச் சொன்னாள்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளி மூடியது, கோயில் மூடியது. அவள் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொலைபேசி, அதுவும் அம்மா வேலையிலிருந்து வந்த பிறகுதான். சனிக்கிழமை பத்து மணிக்கு அம்மாவின் எண்ணுக்கு அழைப்பேன், அம்மா பக்கத்தில் இருக்க அரைமணி நேரம் பேசுவாள், புத்தகத்தில் எழுதியதை வாசிப்பாள். அந்த வருடம் முழுக்க ஒழுங்காக நடந்தது. அடுத்த வருடமும் பாதிவரை நடந்தது.

2021 பிற்பாதியில் எனக்கு வேலையில் பொறுப்பு கூடியது. ஆட்கள் தனிமைப்படுத்தலில் போகப் போக, இருப்பவர்கள் தலையில் எல்லாம் விழுந்தது. ஒரு சனிக்கிழமை அழைக்க மறந்தேன். அடுத்த வாரம் வெட்கத்தால் அழைக்கவில்லை. மூன்றாவது வாரம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அப்படியே நான்கு மாதம் போய்விட்டது. அவளும் அழைக்கவில்லை. எப்படி அழைப்பாள்? நான் அவளுக்குச் சொன்னதெல்லாம் "நான் கூப்பிடுகிறேன்" என்றுதான்.

2022 ஜனவரியில் சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் அவளைப் பார்த்தேன். வெங்காயத்தைச் சலித்துப் பைகளில் கட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிகள் திறந்து மாதக்கணக்காகியும் அவள் போகவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள், "நீங்க பிஸியா இருப்பீங்கன்னு நெனச்சேன்கா" என்றாள். கோபம் இல்லை அதில். கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஆட்கள் இப்படித்தான் விட்டுப்போவார்கள் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, நான் அதை இன்னொரு தடவை நிரூபித்திருக்கிறேன்.

அமெரிக்காவில் கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. வழிகாட்டும் உறவு ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த பிள்ளைகளிடம்தான் நல்ல மாற்றம் அதிகம். சில மாதங்களிலேயே அறுந்துபோன உறவுகளில் பிள்ளைகள் சில விஷயங்களில் முன்பைவிடப் பின்தங்கிப் போனார்கள். அதாவது அரைகுறையாகச் செய்வது கெடுதலாகவும் முடியலாம். நான் இதை 2019இலேயே படித்திருந்தால் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருப்பேன்: ஒரு வருடம் வாரம் ஒரு மணி நேரம் உன்னால் முடியுமா? முடியாது என்றால் டியூஷனில் கணக்கு மட்டும் சொல்லிக்கொடு, அதுவும் நல்ல வேலைதான். ஒரு பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைக்காதே.

நான் அன்றைக்கே மாலை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா முன்னால் மன்னிப்புக் கேட்டேன். நான் அழைக்காமல் விட்டது என் தப்பு, உன்மேல் எந்தக் குறையும் இல்லை, என்று அவளிடம் சொன்னேன். பெரியவர்கள் சின்னவர்களிடம் மன்னிப்புக் கேட்பது நம் வழக்கத்தில் இல்லை, அந்த அம்மாவுக்கே தர்மசங்கடமாகிவிட்டது, "பரவால்லமா விடுங்க" என்று எழுந்து கோப்பி கலக்கப் போய்விட்டார். ஆனால் அதைச் சொல்லாமல் மறுபடி ஆரம்பித்திருக்க முடியாது. அன்றே ஓர் ஏற்பாடும் செய்துகொண்டோம். சனிக்கிழமை பத்தேகாலுக்குள் நான் வரவில்லை என்றால் அம்மாவின் தொலைபேசியிலிருந்து அவள் அழைக்க வேண்டும், தொந்தரவு என்று நினைக்கவே கூடாது. எனக்கு வர முடியாத வாரம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுவேன். அதன்பிறகு தவறிய வாரங்கள் உண்டு, சொல்லாமல் தவறிய வாரம் இல்லை.

மார்ச்சில் படிவம் ஐந்தில் போய் உட்கார்ந்தாள். எளிதாக இருக்கவில்லை. படிவம் நான்கில் பாதிக்கு மேல் போயிருந்தது. எஸ்.பி.எம். சான்றிதழ் கையில் கிடைக்க மலாய்மொழி, வரலாறு இரண்டிலும் தேர்ச்சி வேண்டும், வரலாறு 2013 முதல் கட்டாயம். எனக்கு வரலாறு சொல்லிக்கொடுக்க வராது. இங்கேதான் இன்னொரு பாடம் கற்றேன். எல்லாவற்றையும் நானே செய்யப் பார்க்காமல், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரிடம் கூட்டிப்போனேன், அக்கா என்னை டெக்னீஷியனிடம் கூட்டிப்போன மாதிரியே. "சார், இந்தப் பிள்ளைக்குச் சில கேள்வி இருக்கு" என்றுவிட்டு ஒதுங்கி நின்றேன். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மாமா வங்கியில் இருப்பார், சித்தி டாக்டராக இருப்பார், ஒரு சந்தேகம் என்றால் கேட்க நாலு பேர். நம் பிள்ளைகளுக்கு அந்த நாலு பேர்தான் இல்லை. ஒரு வழிகாட்டி தன் நேரத்தைக் கொடுப்பது ஒரு பங்கு என்றால், தனக்குத் தெரிந்த நாலு பேரைக் கொடுப்பது இன்னொரு பங்கு, பல சமயம் அதுதான் பெரியது.

பணத்தைப் பற்றி ஒன்று. ஒரு தடவை அவள் அம்மா இருநூறு வெள்ளி (ரிங்கிட்) கைமாற்றாகக் கேட்டார். கொடுத்தேன், அதன்பிறகு ஒரு மாதம் அவர் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, பிள்ளையும் சனிக்கிழமை வரத் தயங்கினாள். கடன்காரி என்ற நிலைக்கு வந்துவிட்டால் மற்ற எதுவும் ஓடாது. அன்றிலிருந்து பஸ் கட்டணம், பயிற்சி நூல் என்று நேரடியாகத் தேவைப்படும் சின்னதை மட்டும் நானே வாங்கித் தருகிறேன், அம்மாவுக்குச் சொல்லிவிட்டு.

எஸ்.பி.எம். முடிவில் வரலாற்றில் ஈ. ஈ என்றால் தேர்ச்சி. அதைத் தொலைபேசியில் சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது, நான் வேலை இடத்தில் நின்றுகொண்டே அழுதேன்.

அடுத்து என் மனதில் இருந்தது பரிசோதனைக்கூட வேலை, குளிர்சாதன அறை, வெள்ளை அங்கி, பாதுகாப்பான வாழ்க்கை. அவளுக்கு மின்கம்பி இழுக்கும் வேலை படிக்க வேண்டும். ஏணி ஏறும் வேலை, பெண்பிள்ளைக்கா, என்று என் வாயில் வந்துவிட்டது. வந்த நொடியே அந்த மேசை இழுப்பறையில் கிடந்த பாரம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு அவளோடு நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயரில் இருக்கும் தொழிற்பயிற்சிக் கழகத்தையும் வேறு இரண்டு இடங்களையும் பார்த்துவிட்டு வந்தேன். எது எந்தச் சான்றிதழுக்குக் கொண்டுபோகும், மலேசியத் திறன் சான்றிதழில் மூன்றாம் நிலைக்குப் பிறகு நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா என்று எப்படி மேலே போகலாம், என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். முடிவு அவளுடையது. இப்போது இரண்டாம் நிலை முடித்து மூன்றாம் நிலையில் இருக்கிறாள்.

இதைப் படிக்கும் இளையவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் போய் "எனக்கு வழிகாட்டியாக இருங்கள்" என்று கேட்காதீர்கள், கேட்கப்பட்டவர் பயந்துவிடுவார். பத்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியோடு போங்கள். அவர் சொன்னதைச் செய்து பாருங்கள். இரண்டு வாரம் கழித்துப் போய், நீங்கள் சொன்னபடி செய்தேன், இப்படி ஆனது, இது இன்னும் விளங்கவில்லை, என்று சொல்லுங்கள். சொன்னதைச் செய்துவிட்டுத் திரும்பி வரும் பிள்ளையை யாருக்கும் கைவிட மனம் வராது.

போன தீபாவளிக்கு அவளை என் லைன் லீடர் அக்காவின் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அக்கா ஓய்வுபெற்று வருடங்கள் ஆகிவிட்டன, முழங்கால் வலி, நாற்காலியை விட்டு அதிகம் எழுவதில்லை. முறுக்குத் தட்டை நகர்த்திவிட்டு, "புத்தகம் கொண்டாந்திருக்கியா?" என்றுதான் முதலில் கேட்டார். அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், அது ஒன்பதாவதோ பத்தாவதோ புத்தகம். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார், பேனா கேட்டார், வட்டமிட்டார்.

வட்டத்துக்குள் இருந்தது: "மழை பெய்தால் மட்டும் பக்கத்து வீட்டில் மெயின் ஸ்விட்ச் ஏன் தானாக விழுகிறது?"

"இதுக்குப் பதில் கெடைச்சுதா?"

"வெளியில எங்கயோ தண்ணி எறங்கி லீக் ஆகுதுன்னு நெனைக்கிறேன் பாட்டி. ஆனா எந்த இடம்னு இன்னும் பாக்கல, அவங்க உள்ள விடல."

"நம்ம வீட்டுலயும் மழைக்கு விழுது" என்றார் அக்கா. "பின்பக்கம் ஒரு லைட் இருக்கு, என் மகன் மாட்டினது."

அவள் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து பாவாடையை இழுத்துச் சொருகிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். "ஏணி எங்க பாட்டி இருக்கு? இருங்க, முதல்ல மெயின அடைச்சிட்டு வரேன்."